ப்ளோரன்ஸ் கோட்டையூரில் அடுக்களை கண்டது

பொழியூர் ப்ளோரன்ஸுக்குப் பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்வாசலும் அடையாளம் தெரியாது. பின்வாசல் என்றால் அத்தனையும் மனப்பாடம். கரையில் வள்ளம் ஏறியதும் மீனை ஏலத்தில் பிடித்து, அலுமினியச் சருவத்தில் நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினால், மதியம்வரை அவளுடைய உலகம் அடுக்களை வாசல்கள்தான். எந்த வீட்டில் மாமியார் வாய் ஓங்கியிருக்கிறது, எந்த வீட்டில் மகன் கோபித்துக்கொண்டு சோறு தின்னாமல் போனான் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் வாயைப் பிடுங்குகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கேட்பதே இல்லை. அடுக்களையே சொல்லிவிடும் என்பாள்.

ஒவ்வொரு வாசலிலும் அவள் கூப்பிடுவது ஒரே மாதிரிதான்: "வீட்டுக்காரியே, ஒரு கை பிடிங்க." நிறைந்த சருவத்தைத் தனியாளாகத் தலையிலிருந்து இறக்க முடியாது. உள்ளேயிருந்து ஒருத்தி வந்து மறுபக்கம் பிடிக்க வேண்டும். விருந்துக்கு வந்தவள் ஓடிவந்தால் ப்ளோரன்ஸ் கையால் விலக்கிவிடுவாள். வீட்டுக்காரிதான் வர வேண்டும், அது அவளுடைய சட்டம்.

பாறசாலையில் விஜயம்மா என்று ஒரு வாடிக்கைக்காரி. அவளுடைய மருமகள் பிரசீதா காட்டாக்கடையிலிருந்து கல்யாணமாகி வந்த பெண். மீன் வாங்கும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் காட்டிக்கொண்டு நிற்பாள். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு நாள் மாமியாரை முந்திக்கொண்டு வந்து சருவத்தை இறக்கினாள், அயிலையின் செவுளைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தாள், "இது நேத்தைக்குள்ள மீனாக்கும், எங்கள பறஞ்சு ஏமாத்தாதீங்க" என்று சத்தம் போட்டாள். அன்று காலையில் கரையேறிய மீன் அது. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் ப்ளோரன்ஸ் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். அன்றைக்கோ சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள். "இனி நீங்க பயப்படாண்டாம் விஜயம்மே. பிள்ளை இந்த வீட்டுல ஒட்டிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரார் வீட்டுப் பெண்களுக்கு இப்படிப் பட்டென்று தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுப் பெண் விஷயத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே மகள் மினி. தாய்க்கு இருக்கிற வாயில் கால்வாசிகூட அவளுக்கு அமையவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டாலும் நிறுத்தச் சொல்ல நாக்கு எழாது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வருவாள். அப்படிப்பட்ட வாயில்லாப் பூச்சி, பிரிடிகிரி முடித்த கையோடு, கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று சொல்லி நின்றது. வாழ்க்கையில் அவள் சத்தமாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்பதால் தாயும் தகப்பனும் அடங்கிப்போனார்கள்.

அவள் சேர்ந்தது பிரான்ஸ் நாட்டுச் சபை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே கொண்டுபோய்விட்டார்கள். ஏதோ ஒரு மலை, அதன் உச்சியில் அறுநூறு எழுநூறு வருஷத்துப் பழைய ஊர், அதற்குள் வயசாளிகளைப் பராமரிக்கிற ஒரு மடம். டெலிபோன் பூத்துக்கு எப்போதாவது அழைப்பு வரும். "சுகம்தான் அம்மா" என்பாள். அந்தச் சுகத்தைத்தான் ப்ளோரன்ஸால் நம்ப முடியவில்லை. பஸ் தாண்டிப் போனாலும் சுகம் என்று சொல்கிற பெண்ணல்லவா?

தொண்ணூற்றேழில் மினி நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கும் சமயம் வந்தது. அதைக் கொடுத்துவிட்டால் பிறகு சாகும்வரை மடம்தான், திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. பெற்றவர்கள் வந்து காண வேண்டும் என்று சபையே பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. ப்ளோரன்ஸின் கணவன் ஈசாக் வரமாட்டேன் என்றுவிட்டான். முப்பது வருஷம் கடலில் போன மனிதனுக்குக் கடலின் தலைக்குமேல் பறப்பது மரியாதைக்கேடாகப் பட்டது. பயம் என்று ப்ளோரன்ஸ் சொல்வாள்.

புறப்படுகிற அன்று அவன் சந்தையிலிருந்து புதிய மண்சட்டி ஒன்று வாங்கி வந்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பெண் வீட்டார் பாத்திரம் பண்டங்களோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அடுக்களையைப் பார்த்துவிட்டு வருவது அந்தப் பக்கத்து முறை. அடுக்களை காணல் என்று பெயர். பலகாரம் தின்பதற்காக என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள். மகள் என்ன தின்கிறாள், எப்படி நடமாடுகிறாள், அடுப்படியில் அவளுக்கு இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவருவதுதான் உள்விஷயம்.

"கெட்டிக் குடுத்திருந்தா அடுக்களை காண போயிருப்போம்லா? இதும் அதுதான்" என்றான் ஈசாக். "உள்ள கேறி பாரு. அவளுக்கு அங்க ஒட்டல்லெங்கி சட்டியையும் கொண்டு வா, அவளையும் கொண்டு வா. ஒட்டிட்டுதுன்னா சட்டிய அங்க வச்சிட்டு வா."

சட்டியைப் பழைய சேலையில் சுற்றி, அதற்குள் குடம்புளியும் மிளகாய்ப்பொடியும் வைத்து, விமானம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள் ப்ளோரன்ஸ். எவ்வளவு சொல்லியும் மேலே வைக்கக் கொடுக்கவில்லை.

அந்த ஊரின் பெயர் அவள் நாக்கில் கடைசிவரை நிற்கவில்லை. கோட்டையூர் என்றே இன்றும் சொல்கிறாள். மலையின் இடுப்பிலேயே கார் நின்றுவிட்டது. அதற்குமேல் மதில், மதிலில் ஒரு வளைவு வாசல், அதற்குள் கல்லாலான ஊர். எல்லாம் கல். சுவர் கல், கூரை கல், தெரு கல். அந்தக் கல் தெருவில் அவளுடைய ரப்பர் செருப்பு வழுக்கிக்கொண்டே வந்தது. மினி பையை ஒரு கையிலும் தாயை ஒரு கையிலும் பிடித்து ஏற்றிக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவள் தலை குனிந்தே இருந்தது.

மடத்துத் தலைவியை மதர் என்று கூப்பிட்டார்கள். நெட்டையான, நல்ல மனுஷி. ப்ளோரன்ஸின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, விருந்தாளிகள் கூடத்தில் உட்காரவைத்து, சூப்பும் ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார். மண்சட்டியைக் கண்டதும் கைதட்டிச் சந்தோஷப்பட்டார். உள்ளிருந்த பொட்டலங்களை எடுத்து வைத்துவிட்டு, சட்டியைக் கூடத்து அலமாரியின்மேல் எல்லோரும் பார்க்கும்படி நிறுத்தி, அதில் ஒரு கைப்பிடி காய்ந்த ஊதாப்பூவைச் செருகினார்.

ப்ளோரன்ஸ் அலமாரியையே பார்த்தாள். மீன் சட்டியில் பூ. சட்டி இன்னதென்று தெரியாத வீட்டுக்கு என் பிள்ளை இன்னதென்று எங்கே தெரியப்போகிறது?

"அடுக்களை எங்க மக்கா?" என்று கேட்டாள்.

மினி குரலைத் தாழ்த்தினாள். "விருந்தாளிகள் அடுக்களையில கேறக்கூடாதும்மா. இங்க அப்படி ஒரு சட்டம் உண்டு. வேண்டியதெல்லாம் இங்கயே கொண்டு தருவாங்க."

"நான் விருந்தாளியா? நான் உனக்க அம்மையாக்கும்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அம்மா."

செவ்வாயும் புதனும் வியாழனும் அந்தக் கூடத்திலேயே போயின. கிண்ணம் கிண்ணமாகச் சாப்பாடு முன்வாசல் வழியாக வந்தது. மினி பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் இன்னொரு சிஸ்டரும் வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சுகமா மக்கா?" என்றால் "சுகம்தான் அம்மா." பூத்தில் கேட்ட அதே சுகம், அதே சுருதி. ஞாயிற்றுக்கிழமை வார்த்தைப்பாடு. ப்ளோரன்ஸ் அலமாரிமேல் இருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை மென்றாள். மகளின் கையைப் பிடித்து, "வாறியா, வீட்டுக்குப் போலாம்" என்று கேட்டுவிடலாம்தான். கேட்டால் அந்தப் பெண் உண்மையைச் சொல்லுமா?

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முன்வாசல் உள்ள வீட்டுக்குப் பின்வாசல் இல்லாமலா போகும்? முப்பது வருஷம் பின்வாசலில் பிழைத்தவள் இதை வியாழக்கிழமைவரை யோசிக்காமல் விட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டு, மடத்தில் கொடுத்த கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஜெபத்துக்கு மணி அடித்த நேரத்தில் நைசாக வெளியே இறங்கினாள்.

பொழியூரில் ஒரு வீட்டின் பின்னால் போக வேண்டுமானால் இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்தில் நுழைந்தால் போதும். இந்த ஊரில் சந்து என்ற ஒன்றே இல்லை. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டின் மாடி எதிர்வீட்டு மாடியை முட்டுகிற மாதிரி தெருவுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் தெருவின் இரு பக்கமும் தொடலாம். தொட்டும் பார்த்தாள், குளிர்ந்து கிடந்தது. கதவுகளெல்லாம் குட்டையாக, ஆணி அடித்து, குனிந்து போகிற உயரத்தில் இருந்தன. நிலைக்கல்லில் சிங்கமும் பூவும் செதுக்கி, பக்கத்தில் எதைக் கட்டவோ இரும்பு வளையம் வைத்திருந்தார்கள். கழுதை கட்டியிருப்பார்கள் என்று தானே முடிவுசெய்துகொண்டாள்.

தெருவின் நடுவில் கல்லிலேயே வெட்டிய ஒரு ஓடை ஓடியது. அதைக் கண்டதும் அவளுக்குத் தெம்பு வந்தது. அடுக்களைத் தண்ணீர் எந்த நாட்டிலும் கீழேதான் ஓட வேண்டும். மடத்தின் சுவரோரமாக அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். ஓடை ஒரு வீட்டுக்கு அடியில் புகுந்தது. தெருவும் கூடவே புகுந்தது. இருட்டான கல் குகை மாதிரி ஒரு வழி, தலைக்குமேல் யாரோ நடக்கிற சத்தம். வீட்டுக்குக் கீழே தெருவை விட்டிருக்கிறான்களே, இவன்களுக்கு இடத்துக்கு அவ்வளவு பஞ்சமா என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்தால், கால் முன்னால் ஊரே இல்லை. மதில் ஓரம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடுபனி, அதற்குள் எங்கோ தூரத்தில் ஒரு கோயில் மணி. கடல்தான் என்று ஒரு நொடி நெஞ்சு துள்ளிவிட்டது. மதில்மேல் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

அங்கே ஒரு வாசற்படியில் கிழவி ஒருத்தி உட்கார்ந்து மொச்சைபோல் எதையோ உரித்துக்கொண்டிருந்தாள். ப்ளோரன்ஸ் கால் வலிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கை அள்ளி உரிக்கத் தொடங்கினாள். கிழவி அவள் பாஷையில் பேசினாள், ப்ளோரன்ஸ் பொழியூர் பாஷையில் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் தோன்றவில்லை.

"மடம் பின்வாசல் எங்கயாக்கும் இருக்கு? எனக்க மகள் அங்கதான். மினி. மினி."

"மினி?" என்று கிழவியின் முகம் மலர்ந்தது. உடனே வலது கையைத் தூக்கி, விரல்களைக் கொக்கின் வாய்போல் படபடவென்று திறந்து மூடிக் காட்டினாள், காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். வாயாடி என்கிறாள். ப்ளோரன்ஸால் நம்ப முடியவில்லை. இந்த ஊரில் வேறொரு மினி இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. நீட்டி ஒன்று, குறுக்கி இரண்டு, மறுபடி நீட்டி ஒன்று. வண்டிக்கு வழி கேட்கிற ஹாரன் அப்படி அடிக்காது. சாமான் விற்க வந்திருக்கிறேன், பெண்களே வெளியே வாருங்கள் என்கிற ஹாரன் அது. பொழியூரில் சைக்கிளில் மீன் கொண்டுபோகிற பயல்களும் இப்படித்தான் அடிப்பார்கள். ப்ளோரன்ஸ் உரித்ததைக் கிழவி மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். கிழவி கீழே கையைக் காட்டி மறுபடியும் கொக்கு வாய் காட்டிச் சிரித்தாள்.

படிக்கட்டு ஒன்று மதிலை ஒட்டிக் கீழே போயிற்று. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதி இறங்கும்போதே மூக்குக்கு எட்டிவிட்டது. மீன். பழைய ஊரின் கீழ்வாசலில், உள்ளே நுழைய முடியாமல், ஒரு வெள்ளை வேன் பக்கவாட்டில் திறந்து நின்றது. ஐஸ் படுக்கையில் மீன் அடுக்கியிருந்தது. மீசை வைத்த ஒரு ஆள், சுற்றிலும் நாலைந்து பெண்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் ஓங்கிக் கேட்டது.

ப்ளோரன்ஸ் வளைவுக்கு அடியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய குரல். பாறசாலைப் பின்வாசல்களில் முப்பது வருஷமாக அவள் போட்டுவந்த சத்தம், அதே ஏற்ற இறக்கத்தோடு, பிரெஞ்சில் வந்துகொண்டிருந்தது.

மினி சட்டைக் கையை முழங்கைக்குமேல் சுருட்டி விட்டிருந்தாள். முக்காடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சாளையைத் தூக்கிப் பிடித்து, செவுளைப் பெருவிரலால் திறந்து மீசைக்காரன் மூக்குக்கு நேராக நீட்டி, விளாசிக்கொண்டிருந்தாள். அவன் வானத்தைப் பார்த்தான், நெஞ்சில் கைவைத்தான், மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். ஒரு வார்த்தையும் புரியாமலே ப்ளோரன்ஸுக்கு எல்லாம் புரிந்தது. நேற்றைய மீன் என்கிறாள் மினி. காலையில் இறங்கியது என்கிறான் அவன். ப்ளோரன்ஸ் எட்டிப் பார்த்தாள். கண் கண்ணாடி, செவுள் ரத்தம். அவன் சொல்வதுதான் உண்மை.

கள்ளி. நல்ல மீனைப் பழசு என்று சாதிக்கிறாளே.

சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டையும் சால்வையால் துடைத்தாள். சந்தோஷம்தான். ஆனால் விஜயம்மாவின் வாசலில் சொன்னதைத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிவரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பிள்ளை ஒட்டிவிட்டாள். இங்கே.

மீசைக்காரன் தோற்றுப்போய் ஒரு மரப்பெட்டி நிறையச் சாளையை ஐஸோடு அள்ளி வைத்தான். மினி திரும்பினாள், தாயைக் கண்டாள், குரல் சட்டென்று அடங்கிவிட்டது.

"அம்மா... நீங்க எப்படி இங்க?"

"வழி கேட்டு வந்தேன். இதை எப்படி மேல கொண்டுபோவ?"

"அவன் கீழவாசல் தாண்டி வரமாட்டான். ரெண்டு தடவையா நான் சுமக்கணும்."

ப்ளோரன்ஸ் சால்வையை உருவி, இரண்டு முறுக்கு முறுக்கி, வட்டமாகச் சுற்றிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தாள். மினி பதறினாள். "வேண்டாம்மா. மதர் கண்டா என்ன சொல்லுவாங்க? நீங்க விருந்தாளி."

"தூக்கி வை, ஏட்டி."

மீசைக்காரனும் மினியுமாகத் தூக்கி வைத்தார்கள். பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பெட்டி தலையில் உட்கார்ந்ததும் ப்ளோரன்ஸுக்கு நடை திரும்ப வந்துவிட்டது. வெறுங்காலுக்குக் கல் வழுக்கவில்லை. ஐஸ் தண்ணீர் காதோரம் சொட்டச் சொட்ட, மகள் முன்னால் நடக்க, அவள் பின்னால் ஏறினாள். மினி மாட்டுத்தொழுவம் போலிருந்த ஒரு வளைவுக்குள் நுழைந்து, அங்கிருந்து மதிலுக்குள்ளேயே ஏறுகிற படிகளில் போய், ஓடை வெளியே வருகிற இடத்தில் ஒரு குட்டைக் கதவின் முன் நின்றாள். காலையிலிருந்து ப்ளோரன்ஸ் தேடிய கதவு. இறங்கும்போது கீழே அந்த வளைவைத் தாண்டித்தான் போயிருக்கிறாள், தொழுவம் என்று நினைத்து.

கதவு திறந்தது. ஆள் நிற்கிற அளவுக்கு அடுப்பு, செம்புப் பாத்திரங்கள், நீளமான மேசை, அதைச் சுற்றி உருளைக்கிழங்கு உரிக்கிற கிழவர்கள். மதரும் அங்கே நின்றார். தலையில் பெட்டியோடு கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் விருந்தாளியைக் கண்டு அவருடைய புருவம் ஏறியது.

மினி ஏதோ படபடவென்று சொன்னாள். கிழவர்கள் சிரித்தார்கள். மதரும் சிரித்துவிட்டு, வழியைவிட்டு விலகி நின்றார்.

"என்ன சொன்ன?"

"வந்திருக்கது விருந்தாளி இல்ல, மீன்காரின்னு சொன்னேன். மீன்காரி அடுக்களையில கேறலாம்."

ப்ளோரன்ஸ் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பெட்டி சாயாமல் உள்ளே வந்தாள். மேசையருகில் நின்றாள். இரண்டு கிழவர்களும் ஒரு சிஸ்டரும் உதவிக்கு எழுந்தார்கள். அவள் ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி மறு கையால் அவர்களை விலக்கினாள். அவர்களைத் தாண்டி மகளைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரியே, ஒரு கை பிடிங்க."

அந்தக் கூப்பிடுதலைக் கேட்டு வளர்ந்த பெண் மினி. பள்ளி விடுமுறையில் தாயோடு வாசல் வாசலாக நடந்தவள். அவள் ஈரக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டாள். பிறகு முன்னால் வந்து, மறுபக்கத்தில் கைகொடுத்து, பெட்டியைத் தாயின் தலையிலிருந்து இறக்கினாள்.

அன்று மத்தியானம் மினியே கூடத்துக்குப் போய் அலமாரிமேல் இருந்த சட்டியை எடுத்து வந்தாள். காய்ந்த பூவைக் குப்பையில் தட்டிவிட்டுச் சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். குடம்புளி போட்டு வைத்த சாளைக்குழம்பைத் தின்றுவிட்டுக் கிழவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே மறுபடியும் தட்டை நீட்டினார்கள். ப்ளோரன்ஸ் குனிந்து மகளின் காதில் சொன்னாள்: "நல்ல மீனாக்கும் அது. அந்தப் பாவப்பட்டவன என்னத்துக்கு இட்டு அலைக்கழிச்ச?"

"தெரியும்மா" என்றாள் மினி. "சும்மா விட்டா அடுத்த வெள்ளிக்கிழமை நெஜமாவே பழசு கொண்டு வருவான்."

ஞாயிற்றுக்கிழமை வார்த்தைப்பாடு நடந்தது. வட்டமான கோபுரம் வைத்த அந்தப் பழைய கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து ப்ளோரன்ஸ் தாராளமாக அழுதாள். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கி வெளியே வந்தபோது ஈசாக் கம்பிக்கு அப்பால் சட்டைப் பித்தான் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றான். அவளைக் கண்ட பிறகும் அவன் பார்வை அவளைத் தாண்டி, திறந்து மூடுகிற கதவிலேயே இருந்தது. இன்னும் இரண்டு மூன்று பேர் வெளியே வந்தார்கள். அவன் அவர்களையும் பார்த்தான்.

"பின்னால பாக்காண்டாம். ஆரும் வரல்ல" என்றாள் ப்ளோரன்ஸ்.

அவன் தலையாட்டினான். அவள் கையிலிருந்த பையை வாங்கி, இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி, எடை பார்த்தான்.

"சட்டி?"

"அடுக்களையில இருக்கு."